நகராத கணுவும் ஒரு கணக்கு ஆபீஸரும்

பாத்ரூமில் அமர்க்களமாகப் பாடுகிறவர்கள் வெளியே வந்து பாடும்போது ஏன் சொதப்புகிறார்கள் என்பதற்கு விஞ்ஞானபூர்வமான காரணம் இருக்கிறது. உள்ளே அவர் தனியாகப் பாடவில்லை. பாத்ரூமும் கூடச் சேர்ந்து பாடியிருக்கிறது.

அடுக்குமாடி வீட்டு பாத்ரூமின் அகலத்தை ஐந்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டர். சுற்றிலும் வழவழ டைல்ஸ். நீங்கள் 'ஆ...' என்று ஆரம்பித்ததும் ஒலி அலை புறப்பட்டு எதிர்ச் சுவரில் மோதித் திரும்புகிறது. ஹாலில் என்றால் சோபா, திரைச்சீலை, மடிக்காமல் குவித்து வைத்த துணி மூட்டை எல்லாமாகச் சேர்ந்து அதைக் குடித்துவிடும். டைல்ஸ் குடிக்காது. வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும்.

இப்போது சின்னக் கணக்கு. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்த் திரும்ப மூன்று மீட்டர். 345ஐ 3ஆல் வகுத்தால் 115. உங்கள் குரல் வினாடிக்கு 115 தடவை அதிர்ந்தால், சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை, புதிதாகப் புறப்படும் அலையோடு கச்சிதமாகக் கைகோத்துக்கொள்ளும். சராசரி ஆண்பிள்ளையின் பேச்சுக் குரல் ஏறக்குறைய 100லிருந்து 150 வரை. நடுவில் 115 வசமாக மாட்டுகிறது பாருங்கள்! பெண்களும் வருத்தப்பட வேண்டாம். அதே சுவர்கள் இரண்டு மடங்கான 230க்கும் இதே மரியாதையைச் செய்யும்.

சந்தேகமிருந்தால் நாளைக் காலை சோதித்துப் பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று கீழ் ஸ்தாயியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்றுங்கள். ஏதோ ஓர் இடத்தில் திடீரென்று அறை முழுக்க 'கும்'மென்று நிரம்பும். அதே ஸ்ருதியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் சுவர் பக்கமும் நடுவிலுமாக நகர்த்தினால், சுவர் ஓரத்தில் சத்தம் கூடும், நடுவில் குறையும். வெளியே யாராவது கதவைத் தட்டி, "என்னாச்சு, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டால் பௌதிகம் என்று சொல்லிச் சமாளிக்கவும்.

அந்த 'கும்'முக்குப் பெயர் நிலை அலை. நிற்கும் அலை என்றும் சொல்லலாம்.

இதை ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது ஆட்சேபித்தார். "அலைன்னாலே ஓடறதுதானே சார்? நிக்கிற அலைங்கறது டெப்போவில் நிக்கிற எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி இல்லே இருக்கு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல முதலில் குளத்துக்குப் போக வேண்டும்.

*

தண்ணீர் இருக்கிற தெப்பக்குளமாகப் பார்த்து, பத்து அடி இடைவெளியில் இரண்டு கூழாங்கற்களை ஒரே சமயத்தில் போடுங்கள். இரண்டு இடத்திலிருந்தும் வட்ட வட்டமாக அலைகள் கிளம்பும். அவை சந்திக்கும் இடத்தைக் கவனியுங்கள். மோதல் கிடையாது, காயம் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எதுவுமே நடக்காத மாதிரி மறுபக்கம் வெளியே வந்து தன் வழியில் போகும். எதிரெதிரே வந்த இரண்டு டவுன் பஸ்கள் ஒன்றை ஒன்று ஊடுருவி, கண்டக்டர் சில்லறை கொடுப்பதுகூடத் தடைப்படாமல் போய்க்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அலைகளுக்கு அது சர்வசாதாரணம்.

கல்யாண மண்டபத்தை யோசித்துப் பாருங்கள். நாதஸ்வரம், தவில், சமையல்காரரின் கத்தல், குழந்தையின் அழுகை, வீடியோக்காரரின் அதிகாரம், எல்லாம் ஒரே காற்றைத்தான் உபயோகிக்கின்றன. ஆனாலும் பந்தியில் யாரோ உங்கள் பெயரைச் சொன்னால் பளிச்சென்று காதில் விழுகிறதே! அலைகள் ஒன்றை ஒன்று கலைத்துவிடுவதாக இருந்தால் இது நடக்காது.

கடந்து போன பின்பு மாறுதல் இல்லை, சரி. ஆனால் சந்திக்கும் இடத்தில், சந்திக்கும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு கூட்டல் கணக்கு நடக்கிறது. ஒரு அலை தண்ணீரை ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கச் சொல்கிறது, இன்னொன்றும் ஒரு சென்டிமீட்டர் தூக்கச் சொல்கிறது என்றால், தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர் எழும்பும். ஒன்று தூக்கச் சொல்லி, இன்னொன்று அமுக்கச் சொன்னால்? இரண்டு அதிகாரிகளிடம் எதிர் எதிர் உத்தரவு வாங்கிய கிளார்க் மாதிரி தண்ணீர் பேசாமல் இருந்துவிடும். இதைத்தான் குறுக்கீட்டு விளைவு என்று பாடப்புத்தகத்தில் படித்து, பரீட்சை எழுதி, மறந்துபோனோம்.

லண்டனில் தாமஸ் யங் என்றொரு டாக்டர் இருந்தார். ஒளியும் இப்படித்தான் என்று 1801ல் ராயல் சொஸைட்டியில் படித்தார். வெளிச்சமும் வெளிச்சமும் சேர்ந்தால் சில இடத்தில் இருட்டு வரும் என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? நியூட்டன் ஒளியைத் துகள்கள் என்று நினைத்தவர். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லாத ஊர் அது. யங்கை நன்றாகக் கிண்டல் செய்தார்கள். ஆனால் மழை பெய்த ரோட்டில் சிந்திய எண்ணெய்ப் படலத்தில் தெரிகிற வர்ணங்கள் அவர் பக்கம். படலத்தின் மேல்புறத்திலிருந்து வரும் ஒளியும் அடிப்புறத்திலிருந்து வரும் ஒளியும் சந்தித்து, ஒரு இடத்தில் சிவப்பை அழித்து இன்னொரு இடத்தில் நீலத்தை அழித்து விளையாடுகின்றன.

கணக்குப் புலிகள் இங்கே கை தூக்குவார்கள். இரண்டு அலை சேர்ந்து பூஜ்யம் ஆனால் அதில் இருந்த சக்தி எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை, பக்கத்து சீட்டுக்கு டிரான்ஸ்பர். அலையின் உயரம் இரு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. ஒரு இடத்தில் நாலு, இன்னொரு இடத்தில் பூஜ்யம், சராசரி இரண்டு. ஒன்றும் ஒன்றும் இரண்டு. ஆடிட் ஆட்சேபணை இல்லை.

இன்றைக்கு இளைஞர்கள் காதில் மாட்டிக்கொண்டு திரிகிற சத்தம் குறைக்கும் ஹெட்போன் இந்தக் கணக்கை வைத்துத்தான் பிழைக்கிறது. அதில் ஒரு குட்டி மைக் வெளிச் சத்தத்தைக் கேட்கிறது. அந்த அலை எங்கே மேடோ, அங்கே பள்ளம் வரும்படி ஒரு எதிர் அலையை உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் பாடுகிறது. இரண்டும் சேர்ந்து அமைதி. விமான இரைச்சல், ஏ.சி. உறுமல் மாதிரி ஒரே சீராக, கட்டைக் குரலில் வரும் சத்தங்களுக்கு இது பிரமாதம். மேனேஜரின் திடீர்க் கூப்பாட்டுக்கு அவ்வளவாக உதவாது.

*

இப்போது நண்பரின் கேள்வி: அலை எப்படி நிற்கும்?

துணி உலர்த்தும் கொடிக் கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து லேசாக இழுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை மேலே வெட்டுங்கள். ஒரு மேடு கிளம்பிக் கயிற்றோடு ஓடி, ஜன்னலில் முட்டித் திரும்பி வரும். வரும்போது தலைகீழாக, பள்ளமாக வரும். காரணம் எளிது. கட்டிய இடம் நகர முடியாது. போகிற அலை அந்த இடத்தை மேலே தூக்கப் பார்த்தால், திரும்புகிற அலை அதே அளவுக்குக் கீழே இழுத்தால்தான் அங்கே பூஜ்யம் வரும். முடிச்சு அப்படி வற்புறுத்துகிறது.

இப்போது நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். போகிற அலையும் வருகிற அலையும் ஒரே கயிற்றில் கூட்டல் கழித்தல் போட்டு, பெரும்பாலும் குழப்பமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆட்டும்போது குழப்பம் சட்டென்று விலகி, கயிறு மொத்தமும் ஒரே வில்லாக மேலும் கீழும் ஆடும். அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஆட்டினால் இரண்டு வில். நடுவில் ஒரு புள்ளி ஆடாமல் நிற்கும். மூன்று மடங்கு என்றால் மூன்று வில், ஆடாத புள்ளி இரண்டு. ஒன்றேகால் மடங்கு, ஒன்றரை மடங்குக்கெல்லாம் கயிறு மசியாது.

ஆடாத புள்ளிக்குக் கணு என்று பெயர். அதிகமாக ஆடும் இடம் எதிர்க்கணு. கரும்பு, மூங்கில் கணுவை நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஆக, ஓடாத அலை என்று ஒன்று தனியாகப் பிறப்பதில்லை. எதிரெதிர்த் திசையில் ஓடுகிற இரண்டு அலைகள் சேர்ந்துதான் நிற்கிற மாதிரி ஒரு தோற்றத்தைத் தருகின்றன. டெப்போ பஸ் உதாரணம் சரிப்படாது. கயிறு இழுக்கும் போட்டி வேண்டுமானால் சரி. இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்து இழுக்கிறார்கள். நடுவில் கட்டிய கைக்குட்டை மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறது.

சங்கீதம் பிறப்பது இந்த இடத்தில்தான். வீணைத் தந்தி, கிதார் கம்பி எல்லாம் இரு முனையிலும் கட்டிப்போட்ட கொடிக் கயிறுதான். மீட்டியதும் அதில் எத்தனையோ விதமான அலைகள் கிளம்புகின்றன. முனைகளில் பூஜ்யம் என்ற நிபந்தனைக்கு ஒத்துவராதவை ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. ஒத்துவருகிறவை தங்குகின்றன. அவை 1, 2, 3, 4 என்று முழு எண்களின் விகிதத்தில் இருப்பதால் காதுக்கு இனிக்கிறது. கிதார் வைத்திருப்பவர்கள் கம்பியின் நட்டநடுவில், பன்னிரண்டாவது கட்டைக்கு நேர் மேலே, அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டுக்கொண்டு மீட்டிப் பாருங்கள். ஒரு வில் ஆட்டம் செத்துவிடும். நடுவில் கணு உள்ள இரண்டு வில் ஆட்டம் மட்டும் பிழைத்து, மணி அடித்த மாதிரி மேல் ஸ்தாயி கேட்கும்.

*

நிலை அலையைக் கண்ணால் பார்க்க, வாயால் சாப்பிட ஒரு வழி இருக்கிறது.

மைக்ரோவேவ் அடுப்பில் தட்டு எதற்குச் சுழல்கிறது? உள்ளே இருப்பது ரேடியோ அலையின் ஒன்றுவிட்ட சகோதரன். வினாடிக்கு 245 கோடி தடவை அதிர்கிறது. அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவர் எல்லாம் உலோகம், பாத்ரூம் டைல்ஸ் மாதிரி. போகிற அலையும் திரும்புகிற அலையும் சேர்ந்து பெட்டிக்குள் நிலை அலையாக நிற்கின்றன. எதிர்க்கணுவில் மாட்டிய உருளைக்கிழங்கு கொதிக்கும், கணுவில் மாட்டியது ஜில்லென்று உட்கார்ந்திருக்கும். அதனால்தான் தட்டைச் சுற்றிவிட்டு எல்லோருக்கும் சம நீதி வழங்குகிறார்கள்.

தட்டைச் சுழலாமல் செய்து, அதன் மேல் ஒரு பெரிய பச்சை அப்பளத்தை வைத்து அரை நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். பக்கத்திலேயே நின்று பார்க்கவும், தீய விடவேண்டாம். அப்பளம் சில இடத்தில் வெள்ளையாகப் பொரிந்து, சில இடத்தில் பச்சையாகவே இருக்கும். பொரிந்த இரண்டு திட்டுகளின் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தால் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் வரலாம். பெட்டியின் ஆறு பக்கமும் அலைகள் மோதுவதால் சுத்தமாக வராது, சில திட்டுகள் ஏமாற்றும். 6 வந்தால் அது பாதி அலை. முழு அலை 12 சென்டிமீட்டர். அதை 245 கோடியால் பெருக்கினால் வினாடிக்கு 2,94,000 கிலோமீட்டர். ஒளியின் உண்மையான வேகம் 2,99,792. ஒரு அப்பளம், ஒரு ஸ்கேல் செலவில் இது மோசமில்லை. அப்புறம் ரசம் சாதத்துக்கு அந்த ஆராய்ச்சியைத் தொட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் வைஃபை ஒரு நாற்காலியில் கிடைத்து, அரை அடி தள்ளி உட்கார்ந்தால் திணறுவதும் இந்த ஜாதிதான். அதன் அலைகள் பலவும் அடுப்பின் அலைநீளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சுவரிலும் பீரோவிலும் பட்டு வருகிற அலைகள் உங்கள் போன் இருக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். போனைச் சில சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். சர்வீஸ் சென்டரைத் திட்டுவது அதற்கப்புறம்.

*

கணு நகராது, அங்கே ஆட்டம் பூஜ்யம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நாமும் அப்படியே எழுதி மார்க் வாங்கினோம். அந்தப் பூஜ்யத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர் ஒரு கணக்கு ஆபீஸர்.

1907ம் வருஷம். கல்கத்தாவில் இந்திய நிதித்துறையில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாக ஒரு பையன் வேலைக்குச் சேர்கிறான். திருச்சியில் பிறந்தவன். வயது பதினெட்டு. சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் எம்.ஏ., நிதித்துறைப் பரீட்சையில் முதல் இடம், புதுக் கல்யாணம், கெஸட்டட் உத்தியோகம். அந்தக் காலத்து மாமனார்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் உத்தியோகம் அது. பையன் பெயர் சந்திரசேகர வேங்கடராமன். பிற்பாடு உலகத்துக்கு சி.வி.ராமன்.

பௌபஜார் தெருவில் 210ம் நம்பர் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876ல் ஆரம்பித்த விஞ்ஞானச் சங்கம் இருந்தது. ஆய்வுக்கூடம் இருந்தது, ஆய்வு செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் டிராமில் போகும்போது போர்டைப் பார்த்துவிட்டு இறங்கி, கதவைத் தட்டினார். அதற்கப்புறம் காலையில் ஆபீஸுக்கு முன்னால் அங்கே, மாலையில் ஆபீஸ் முடிந்து இரவு வரைக்கும் அங்கே. நடுவில் பகல் முழுக்க சர்க்கார் கணக்கு. ஆபீஸ் விட்டு வந்து ஈஸி சேரில் சாய்ந்தால் எழுந்திருக்க மனம் வராத நமக்கு இது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆரம்ப விஷயங்களில் ஒன்று, இசைக்கவையில் கட்டி அதிரவிட்ட ஒரு சரடு. அதன் பலனாக 1909ல் லண்டன் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு சின்னக் குறிப்பு வெளியாயிற்று. விஷயம்: அதிரும் கம்பியின் கணுக்களில் இருக்கும் சிறு அசைவு.

இருக்கும் என்பதை யோசித்தாலே புரியும். சரடின் ஒரு முனையில் இசைக்கவை ஆட்டிக்கொண்டிருக்கிறது. சரடில் நாலு வில் ஆடுகிறது. ஒவ்வொரு வில்லும் காற்றை அடித்து அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை இழக்கிறது. நாலாவது வில்லுக்கு நஷ்டஈடு எங்கிருந்து வரவேண்டும்? இசைக்கவையிடமிருந்து. எந்த வழியாக? முதல் கணு, இரண்டாவது கணு, மூன்றாவது கணு, மூன்றையும் தாண்டித்தான். கணு அடியோடு அசையாத புள்ளி என்றால் அதன் வழியாக ஒரு துளி சக்திகூடக் கடக்க முடியாது. அசையாத கையால் யாரும் எதையும் அந்தப் பக்கம் தள்ள முடியாது. அப்படியானால் நாலாவது வில் எப்போதோ ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. ஆகவே கணு அசைகிறது.

கணக்கு ஆபீஸர் பாஷையில் சொன்னால், போகிற அலை நூறு ரூபாய். வழிச்செலவு போகத் திரும்புகிற அலை தொண்ணூற்றெட்டு. கழித்தால் பூஜ்யம் வராது. மீதி இரண்டு ரூபாய் கணுவில் தெரியும். அந்த இரண்டு ரூபாய் அசைவும் மற்ற இடங்களோடு சேர்ந்து நடக்காது, கால் பங்கு சுற்று தள்ளி நடக்கும். வில்கள் உச்சியில் இருக்கும்போது கணு நடுவில் இருக்கும். வில்கள் தட்டையாகும்போது கணு தன் குட்டி உச்சியில் இருக்கும். எல்லோரும் ஆடுகிற சமயம் பார்த்துக் கூடவே ஆடியிருந்தால் அதை யாராவது முன்னமே கவனித்திருப்பார்களோ என்னவோ!

கணு முழுக்க ஓய்வில் இருக்க முடியாது என்பது அறிஞர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். எல்லோரும் ஒப்புக்கொண்டு ஒதுக்கி வைத்திருந்த அந்தச் சின்ன மீதியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிளம்பியதுதான் ராமன். இருபது வயதுதான் அப்போது. லெட்ஜரில் இரண்டு ரூபாய் உதைத்தால் வீட்டுக்குப் போகாத ஆபீஸர் ஜாதி.

பத்து வருஷம் இப்படி இரட்டைக் குதிரை சவாரி. நடுவில் ரங்கூன், நாகபுரி என்று டிரான்ஸ்பர் வேறு. 1917ல் கல்கத்தா பல்கலைக்கழகம் புரொபசர் பதவி கொடுத்தபோது, சம்பளம் நன்றாகவே குறையும் என்று தெரிந்தும் நிதித்துறையை ராஜினாமா செய்துவிட்டுப் போனார். 1928ல் ராமன் விளைவு, 1930ல் நோபல் பரிசு எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் உலகம் அவரை ஒலிக்காரராக அறிந்திருந்தது. ஜெர்மனியில் வெளியான மாபெரும் பௌதிகக் களஞ்சியத்துக்கு 1927ல் வாத்தியங்கள் பற்றிய பகுதியை எழுதியவர் அவர்தான்.

*

வாத்தியத்தில் அவருக்கு மோகம் வந்ததில் ஆச்சரியமில்லை. அப்பா வயலின் வாசிப்பார். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பார்.

அந்த வீணையில் ஒரு மர்மம். நாம் மேலே பார்த்த தாமஸ் யங்தான் கம்பிகளுக்கும் ஒரு விதி சொல்லியிருந்தார். எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு உள்ள ஆட்டங்கள் கிளம்பாது. நியாயம்தானே? கணுவைப் பிடித்து இழுத்துவிட்டு அது கணுவாகவே இருக்கவேண்டும் என்றால் நடக்குமா? ஆனால் வீணையிலும் தம்புராவிலும், வரக்கூடாத ஸ்வரங்கள் கணீரென்று வந்து நின்றன. இதை ராமன் 1921ல் எழுதினார். காரணம் குதிரை. வயலினில் கம்பி கூர்மையான விளிம்பில் உட்காரும். வீணையின் குதிரை அகலம், லேசான வளைவு. தந்தி ஆடும்போது அந்த வளைவைத் தொட்டும் விட்டும் பழகுகிறது. இதனால் விதி உடைந்து, தடை செய்யப்பட்ட ஸ்வரங்கள் பின்வாசல் வழியாக நுழைகின்றன. தம்புராவில் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலுக்கும் இதே வேலை. தம்புரா 'ரீங்' என்று உயிரோடு இழைவது அதனால்தான்.

மிருதங்கம் இன்னும் பெரிய அதிசயம். வட்டமான தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதிலும் நிலை அலைகள் உண்டு. கணு என்பது இங்கே புள்ளியாக இல்லாமல் கோடாகவும் வட்டமாகவும் வரும். ஆனால் கம்பியைப் போல 1, 2, 3 என்று வராது. 1, 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாக வரும். அதனால்தான் சாதாரண மேளம் 'டம் டம்' என்கிறதே தவிர, ஸ்ருதி சேராது. மிருதங்கம் சேர்கிறது. எப்படி?

வலந்தலையின் நடுவே இருக்கிற கருப்பு வட்டம். கரணை என்பார்கள், சோறு என்பார்கள். ஒருவகைக் கல்லின் பொடியைச் சோற்றோடு குழைத்து, மெல்லிய படலமாகத் தடவி, தேய்த்து, காயவிட்டு, மறுபடி தடவி, நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிந்தும் வரும்படி செய்வது. 1920ல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்தும், பிறகு 1934ல் தனியாகவும் ராமன் இதை ஆராய்ந்தார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், ஆடும் இடங்களிலிருந்து மணல் துள்ளி ஓடிக் கணுக் கோடுகளில் போய் அடங்கும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோலம். அந்தக் கோலங்களை எண்ணிப் பார்த்ததில், தோலின் முதல் ஒன்பது ஆட்டங்களும் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்தே ஸ்வரங்களில் வந்து கூடுவது தெரிந்தது. கரணையின் கனம் அந்தக் கோணல் எண்களை இழுத்து முழு எண்ணில் உட்கார வைத்திருக்கிறது. மிருதங்க வித்வான் மோதிர விரலைத் தோலில் லேசாக வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் 'நம்' என்று தட்டுகிறாரே, அது கிதார் கம்பியை நடுவில் தொட்ட அதே தந்திரம். வேண்டாத ஆட்டத்தை விரலால் கொன்று, அங்கே கணு உள்ளதை மட்டும் பேசவிடுகிறார்.

இந்தக் கணக்கைப் பேனா பிடித்து யாரும் போடவில்லை. தோலை வாங்கிப் பதப்படுத்தி, வார் இழுத்து, ஒரு படலம் தடவித் தட்டிப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம்' என்று மறுபடி தடவி, காதால் மட்டுமே கண்டுபிடித்தவர்கள் மிருதங்கம் செய்கிற தொழிலாளிகள். தலைமுறை தலைமுறையாக. அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. கச்சேரி நோட்டீஸில் பாடுகிறவர் பெயர் இருக்கும், வாசிக்கிறவர் பெயர் இருக்கும். காலையில் வந்து வாத்தியத்துக்குச் சோறு போட்டு ஸ்ருதி கூட்டிக் கொடுத்துவிட்டுப் போனவர் பெயர் இருக்காது. மணலைத் தூவிப் பார்த்திருக்காவிட்டால் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது பௌதிகத்துக்கும் தெரிந்திருக்காது.

*

எந்த ஆபீஸிலும் ஒரு மூலை மேஜையில் ஒருத்தர் இருப்பார். மீட்டிங்கில் பேச மாட்டார். பிரமோஷன் லிஸ்டில் பெயர் வராது. இரண்டு பக்கமும் ஃபைல்கள் தலைதெறிக்கப் பறந்துகொண்டிருக்க, நடுவில் அவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும். "இந்த ஆள் என்னதான் பண்றான்?" என்று புதிதாக வந்த மேனேஜர் கேட்பார்.

அவர் ஒரு நாள் லீவு போடட்டும், நாலாவது வில் வரைக்கும் தெரிந்துவிடும்.